ஏஜென்ட் அப்புறம், மேசை முதலில்

ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் ஆய்வுக் கேள்வி ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் பத்துப் பக்க அறிக்கை வந்து நிற்கிறது. பத்திக்குப் பத்தி மேற்கோள், ஒவ்வொன்றுக்கும் சுட்டி. பார்க்கவே நிறைவாக இருக்கிறது. அப்படி ஓர் அறிக்கையை நம்பி நானும் அடுத்த கட்ட வேலைக்குப் போயிருக்கிறேன். இரண்டு நாள் கழித்து, ஒரே ஒரு வரியைச் சரிபார்க்க மூலக் கட்டுரையைத் திறந்தேன். கட்டுரை இருந்தது. எழுதியவர்கள், ஆண்டு, தலைப்பு எல்லாம் சரி. ஏஜென்ட் எழுதியிருந்த முடிவு மட்டும் அதில் இல்லை. "இப்படி இருக்கலாம், இனிமேல்தான் சோதிக்க வேண்டும்" என்று ஆசிரியர்கள் கடைசியில் சொல்லியிருந்ததை, "இப்படித்தான் என்று நிறுவப்பட்டுள்ளது" என அது மாற்றியிருந்தது.

இல்லாத ஒன்றை மேற்கோள் காட்டினால் சீக்கிரம் பிடித்துவிடலாம். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டி மனுக் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்த வழக்குகளை எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது, எங்கும் கிடைக்கவில்லை, விஷயம் வெளியே வந்தது. இருக்கிற கட்டுரையின் பெயரில் இல்லாத முடிவைச் சொல்வது இவ்வளவு லேசில் வெளியே வராது. சுட்டியை அழுத்தினால் பக்கம் திறக்கிறது, தலைப்பும் பொருந்துகிறது. நம்மில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

ஏஜென்ட்டுகளை இயக்கும் மொழி மாடல்கள் மேம்பட மேம்பட இந்தப் பிழை குறைகிறது, உண்மைதான். ஆனால் நூறு வரிகளில் இரண்டு தவறு என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு எவை என்று தெரியாதவரை நூறையும் நான்தான் மறுபடி படிக்க வேண்டும். அந்த இரண்டைக் கண்ணில் காட்டும் வேலையை மாடலிடம் எதிர்பார்க்க முடியாது. அது உட்கார்ந்து வேலை செய்கிற பணித்தளம்தான் அதைச் செய்ய வேண்டும். ஆய்வுக்கு ஏஜென்ட்டுகளைக் கூட்டிவர நினைக்கிறவர்கள் பலரும் முதலில் ஏஜென்ட்டைக் கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது மறுபடி தொடங்கினால் மேசையில், அதாவது அந்தப் பணித்தளத்தில்தான் தொடங்குவேன்.

ஏஜென்ட் என்று எதைச் சொல்கிறோம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மொழி மாடல் தனியாக இருந்தால் எழுத்தை வாங்கி எழுத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். தேடுவது, கோப்பைத் திறப்பது, நிரலை ஓட்டுவது போன்ற கருவிகளை அதன் கையில் கொடுத்து ஒரு சுழற்சியில் விட்டால் அது ஏஜென்ட். "இந்தச் சொல்லைத் தேடு" என்று மாடல் எழுதுகிறது. வெளியே இருக்கும் சாதாரண நிரல் தேடிப் பார்த்து விடையைத் தருகிறது. அதைப் படித்து மாடல் அடுத்த படியை முடிவு செய்கிறது. போதும் என்று அதற்குத் தோன்றும்வரை, அல்லது நாம் வைத்த எல்லை வரும்வரை இது ஓடும். யோசனையையும் செயலையும் இப்படி மாற்றி மாற்றிப் பின்னும் முறையைப் பிரின்ஸ்டன், கூகுள் ஆய்வாளர்கள் 2022-இல் ரியாக்ட் என்ற பெயரில் விளக்கினார்கள். கருவிகளை எல்லா மாடல்களோடும் ஒரே விதத்தில் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. சில நூறு வரி நிரலில் ஓர் ஏஜென்ட்டை எழுதிவிடலாம். கஷ்டம் அதற்கு வெளியே இருக்கிறது.

எண்பது வயதான ஆசை

1945-இல் அமெரிக்கப் பொறியாளர் வனிவர் புஷ், அட்லான்டிக் இதழில் மெமெக்ஸ் என்ற கருவியைக் கற்பனை செய்து எழுதினார். அவர் விவரித்தது ஒரு மேசையைத்தான். உள்ளே மைக்ரோஃபிலிமில் நூல்கள், குறிப்புகள், கடிதங்கள். மேலே அவற்றைக் காட்டும் திரைகள். படிக்கிறவர் ஓர் ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன வழியை அந்த மேசை நினைவில் வைத்திருக்கும். பல ஆண்டுகள் கழித்தும் அந்தத் தடத்தில் மறுபடி நடக்கலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். மெமெக்ஸ் கட்டப்படவே இல்லை. ஆனால் விடையோடு சேர்த்து, விடைக்குப் போன தடத்தையும் சேமிக்க வேண்டும் என்று புஷ் நினைத்தார் பாருங்கள், இன்றைய ஏஐ அறிக்கைகளில் காணாமல் போவது அந்தத் தடம்தான்.

தடத்துக்கு என்ன மதிப்பு என்பதை டான் ஸ்வான்சனின் வேலையில் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தகவல் அறிவியல் பேராசிரியர் அவர். மருத்துவர் இல்லை, ஆய்வகமும் கிடையாது. 1986-இல் அவர் இரண்டு கட்டுரைக் குவியல்களை அருகருகே வைத்துப் படித்தார். ஒன்று மீன் எண்ணெய் பற்றியது: அது ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது. மற்றொன்று ரேனோ நோய் பற்றியது: குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ரத்தம் வழக்கத்தைவிடப் பிசுபிசுப்பாக இருக்கிறது. இந்தக் குவியலில் இருந்தவர்கள் அந்தக் குவியலைப் பார்த்ததாகவே தெரியவில்லை. மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவக்கூடும் என்று ஸ்வான்சன் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஒரு சிறிய மருத்துவச் சோதனை அதற்கு ஆதரவான முடிவைத் தந்தது. 1988-இல் இதே வழியில் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே கவனிக்கப்படாத 11 இணைப்புகளைக் காட்டினார்.

இதைச் சொன்னதும், ஏஜென்ட்டுகளை லட்சக்கணக்கான கட்டுரைகள்மேல் ஏவிவிட்டால் தினமும் ஒரு மீன் எண்ணெய் கிடைக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஸ்வான்சன் சொன்னதற்கு எடை எங்கிருந்து வந்தது? அவர் போட்ட பாலத்தின் இரண்டு கால்களும் அச்சான கட்டுரைகளின் குறிப்பிட்ட வரிகளில் ஊன்றியிருந்தன. யார் வேண்டுமானாலும் போய் அந்தக் காலைத் தட்டிப் பார்க்கலாம். ஒரு கால் "இருக்கலாம்" என்ற ஊகத்தில் நின்றிருந்தால், மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது வெறும் யோசனைதான். ஏஜென்ட்டுகள் பாலத்தை வேகமாகப் போடுகின்றன. கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று காட்ட மேசை வேண்டும்.

மூலமும் உரையும்

தமிழில் இதற்கு நல்ல சொற்கள் உண்டு: மூலம், உரை. உரையாசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் செய்யுளை மேலே வைத்துவிட்டுத் தன் விளக்கத்தை அதற்குக் கீழேதான் எழுதினார். எது நூலாசிரியர் சொன்னது, எது தான் சொல்வது என்ற கோடு அழியாமல் பார்த்துக்கொண்டார். ஆய்வுப் பணித்தளத்தின் முதல் விதியும் இதுவே.

நான் இதைக் கோப்புறைகளாகவே பிரித்து வைத்திருக்கிறேன். மூலம் என்ற கோப்புறைக்குள் வருவது எதுவும் மாறாது. எந்த ஏஜென்ட்டுக்கும் அங்கே எழுதும் அனுமதி இல்லை, படிக்க மட்டும்தான். உள்ளே வரும் ஒவ்வொரு கோப்புக்கும் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்ற குறிப்பும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண்ணும் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். இணையப் பக்கம் என்றால் சுட்டியோடு விடாமல் அன்றைய பக்கத்தையே நகல் எடுத்து வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் பக்கமே இருக்காது, அல்லது வேறு ஏதோ சொல்லும். உரை என்ற கோப்புறையில் சுருக்கங்கள், குறிப்புகள், ஒப்பீடுகள். ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியது யார் என்று இருக்கும்: நானா, எந்த ஏஜென்ட், எந்த மாடல், எந்தத் தேதி. இதெல்லாம் கிட் களஞ்சியத்தில் இருந்தால் எது எப்போது மாறியது என்பதும் பதிவாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் நிரல் எழுதுகிறவர்களுக்காக உருவாக்கிய கருவி, ஆய்வுக் குறிப்புகளுக்கும் நன்றாகவே உதவுகிறது.

கோப்பைச் சேமிப்பது சுலபம். அதிலிருந்து எழுத்தை எடுப்பதைத்தான் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தின் வரைபடம் மாதிரி. எந்த எழுத்து பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்; எந்த வரிக்குப் பிறகு எந்த வரி வருகிறது என்று பல சமயம் தெரியாது. பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்து அச்சிட்டிருந்தால், சரியாகப் பிரிக்காத நிரல் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் ஒட்டிப் படித்துவிடும்.

இதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது. சில அறிவியல் கட்டுரைகளில் "வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி" என்ற தொடர் வரத் தொடங்கியது. அப்படி ஒரு முறையே கிடையாது. தேடிப் போனவர்கள் 1950-களில் வந்த நுண்ணுயிரியல் கட்டுரை ஒன்றின் ஸ்கேனில் போய் நின்றார்கள். "வெஜிடேட்டிவ்" என்ற சொல் ஒரு நெடுவரிசையில், அதே உயரத்தில் பக்கத்து நெடுவரிசையில் "எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி". எழுத்தெடுத்த இயந்திரம் இரண்டையும் சேர்த்துவிட்டது. ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி என்பது உண்மையான முறை; பாரசீக மொழியில் ஸ்கேனிங் என்பதற்கான சொல்லும் வெஜிடேட்டிவ் என்பதற்கான சொல்லும் ஒரே ஒரு புள்ளியில் வேறுபடுவதால், மொழிபெயர்ப்பு வழியாகவும் இது நுழைந்திருக்கலாம் என்றார்கள். எப்படியோ இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் ஏறிவிட்டது. மொழி மாடல்களும் இந்தத் தொடரைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று 2025-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பக்கத்தைத் தவறாகப் படித்ததிலிருந்து இல்லாத ஓர் அறிவியல் முறை பிறந்துவிட்டது.

அட்டவணைகள் இன்னும் மோசம். கழித்தல் குறி உதிர்ந்துபோகும். மியூ குறி எம் என்று மாறினால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும், ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால் எடுத்த எழுத்தின் ஒவ்வொரு துண்டோடும், அது எந்தப் பக்கத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைச் சேர்த்தே வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எடுத்த எழுத்தையும் அசல் பக்கத்தின் படத்தையும் அருகருகே பார்க்க முடிய வேண்டும். பணித்தளத்தில் நான் அதிகமாகப் பயன்படுத்தும் திரை இதுதான். அழகான திரை என்று சொல்ல முடியாது. ஆனால் இது இல்லாமல் மேலே கட்டுவது எதையும் நான் நம்பமாட்டேன்.

தேடலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பொருளை வைத்துத் தேடும் எம்பெடிங் முறை வந்ததும் பலர் சொல்லை வைத்துத் தேடும் பழைய முறையைக் கைவிட்டார்கள். அது அவசரம். அரிதாக வரும் சொல்லுக்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்று கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் சொன்ன யோசனை இன்றும் கைகொடுக்கிறது. ஒரு மரபணுவின் பெயர், ஒரு வேதிப்பொருளின் எண், ஒரு சட்டப் பிரிவு ஆகியவற்றைத் தேடும்போது "ஏறக்குறைய அதே பொருள்" நமக்கு வேண்டாம், அதே எழுத்துதான் வேண்டும். இரண்டு முறையிலும் தேடி விடைகளைக் கலந்துகொள்வது நல்லது.

கூற்றுப் பதிவேடு

இனி மேசையின் நடுப்பகுதி. ஏஜென்ட்டுகள் வழக்கமாகத் தருவது பத்தி பத்தியான எழுத்து. எழுத்தில் பிழை ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. எனவே ஏஜென்ட்டிடம் முதலில் அறிக்கை கேட்பதை நிறுத்தினேன். படித்ததிலிருந்து கூற்றுகளை மட்டும் எடுத்து ஒரு பதிவேட்டில் போடச் சொன்னேன். ஒரு வரிக்கு ஒரு கூற்று. கூற்று ஒரே வாக்கியத்தில். அதற்கு ஆதாரமான மூல வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம். எடுத்தது எந்த ஏஜென்ட். இப்போதைய நிலை என்ன.

எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும் என்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதைச் சரிபார்க்க ஏஐயே தேவையில்லை. அந்த வரி அந்தக் கோப்பில் இருக்கிறதா என்று ஒரு சாதாரண நிரல் பார்த்துவிடும். இல்லையென்றால் கூற்று அங்கேயே நிற்கும், மேலே போகாது. கற்பனையில் பிறந்த மேற்கோள் எல்லாமே இந்த வாசலில் விழுந்துவிடும். இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு வேலை செய்யும் என்று நான் முதலில் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த சோதனை கொஞ்சம் நுட்பமானது. வரி இருக்கிறது, சரி. அந்த வரி இந்தக் கூற்றைத் தாங்குகிறதா? இதற்கு வேறொரு மாடலை அழைத்து, மூல வரியையும் அதன் முன்பின் பத்திகளையும் கூற்றையும் மட்டும் கொடுக்க வேண்டும். முழு அறிக்கையைக் காட்டக் கூடாது. அறிக்கையைக் காட்டினால் அதன் ஓட்டத்தோடு மாடலும் ஓடிவிடும். கேள்வி இதுதான்: இந்த வரி கூற்றை ஆதரிக்கிறதா, மறுக்கிறதா, அல்லது அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையா? என் அறிக்கையில் "இருக்கலாம்" என்பது "நிறுவப்பட்டுள்ளது" ஆன கதை இந்தக் கட்டத்தில் சிக்கியிருக்கும்.

இங்கே சிக்கும் பிழைகளைப் பார்க்கப் பார்க்க, கூற்று என்பது எவ்வளவு நிபந்தனைகள் கொண்டது என்று புரிகிறது. எலிகளில் கண்டது மனிதர்களுக்கு ஆகிவிடுகிறது. முப்பது பேரிடம் செய்தது எல்லோருக்கும் ஆகிவிடுகிறது. சேர்ந்து நடந்தது காரணம் ஆகிவிடுகிறது. இன்னொரு வகை மிகவும் சகஜம்: கட்டுரையின் முன்னுரையில், "முந்தைய ஆய்வுகள் இப்படிச் சொல்கின்றன" என்று ஆசிரியர் குறிப்பிட்டிருப்பார், ஏஜென்ட் அதை இந்தக் கட்டுரையின் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ளும். மூல வரி சரியாகத்தான் இருக்கும், ஆனால் அது சொல்லக் கேட்டுச் சொன்ன வரி. ஆகவே பதிவேட்டில் எனக்கு மேலும் சில கட்டங்கள் தேவைப்பட்டன: யாரிடம் சோதித்தது, எத்தனை பேர், அந்தக் கட்டுரையின் சொந்த முடிவா, எடுத்துச் சொன்னதா. ஒவ்வொரு துறைக்கும் இந்தக் கட்டங்கள் மாறும். அந்தத் துறையில் வேலை செய்கிறவர்தான் இவற்றை முடிவு செய்ய முடியும், நிரல் எழுதுகிறவர் முடியாது.

கூற்றுக்கு ஆயுளும் உண்டு. கோவிட் நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அதன் தரவைச் சரிபார்க்க முடியாததால், இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அந்த இரண்டு வாரத்தில் அதைப் படித்த ஏஜென்ட்டின் குறிப்பு உங்கள் பணித்தளத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பெரிய பட்டியலை ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற தளம் பல ஆண்டுகளாகத் தொகுத்து வந்தது. 2023-இல், கட்டுரைகளுக்கு அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. டிஓஐ எனப்படும் அந்த அடையாள எண்களை வைத்து அந்தப் பட்டியலோடு அவ்வப்போது ஒப்பிட்டு, விலக்கப்பட்ட கட்டுரையிலிருந்து வந்த கூற்றுகளையெல்லாம் சிவப்பாக்குவது ஒரு சின்ன நிரல்தான். பதிவேடு இருந்தால்தான் இது முடியும். பத்தி பத்தியாக எழுதிய அறிக்கையில் எந்த வாக்கியத்தைச் சிவப்பாக்குவது?

அறிக்கை எழுதுவது இதற்கெல்லாம் பிறகு. எழுதும் ஏஜென்ட்டுக்குப் பதிவேட்டில் தேறிய கூற்றுகள் மட்டுமே கண்ணில் படும். இணையம் கிடையாது, மூலக் கோப்புகளும் கிடையாது. எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூற்றின் எண்ணைப் போட வேண்டும். எண் இல்லாத வாக்கியம் திரையில் வேறு நிறத்தில் தெரியும். அதைத் தடை செய்ய வேண்டியதில்லை. தொடுப்பு வாக்கியமாக இருக்கலாம், நல்ல ஊகமாகவும் இருக்கலாம். உரை என்று தெரிந்தால் போதும்.

பல ஏஜென்ட்டுகள், ஒரு பை

ஒன்றுக்குப் பதில் பத்து ஏஜென்ட்டுகளை விட்டால் என்ன என்ற கேள்வி சீக்கிரமே வரும். அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. மாடலின் கண்முன் ஒரே நேரத்தில் வைக்கக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. அளவுக்குள் இருந்தாலும், நீண்ட எழுத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை மாடல்கள் நன்றாகப் பிடித்து, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். பின்வந்த மாடல்கள் இதில் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நாற்பது கட்டுரைகளை ஒன்றாகத் திணிப்பதைவிட, ஆளுக்கு நான்காகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

செலவு எகிறும். ஆந்த்ரோபிக் தன் பல-ஏஜென்ட் ஆய்வு அமைப்பைப் பற்றி 2025 ஜூனில் எழுதியபோது, அது தங்கள் உள்சோதனையில் ஒற்றை ஏஜென்ட்டைவிட 90.2 சதவீதம் மேலாகச் செய்தது என்றது. கூடவே, சாதாரண உரையாடலைவிடச் சுமார் 15 மடங்கு டோக்கன்களை (மாடல் எழுத்தை அளக்கும் சிறு துண்டுகளை) செலவழித்தது என்றும் சொன்னது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். பரந்து தேடும் கட்டத்தில் பலரை அனுப்புவதில் பலன் இருக்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு குவியலைப் படிக்கலாம், ஒருவர் வேலை மற்றவரைத் தொடாது. எழுதும் கட்டத்தில் பலரை விட்டு எனக்கு நல்லது நடந்ததில்லை. மூன்று பேர் மூன்று பகுதியை எழுதினால் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் வந்துவிடுகிறது.

ஏஜென்ட்டுகள் ஒருவருக்கொருவர் எதைக் கைமாற்றுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சுருக்கத்தைக் கைமாற்றினால், அதைப் படித்தவர் மேலும் சுருக்குவார், நிபந்தனைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். நான்காவது கைக்கு வரும்போது "இருக்கலாம்" எல்லாம் காலி. பதிவேட்டின் வரிகளையே கைமாற்றினால் இந்தச் சேதம் நடக்காது. மூல வரி கூடவே பயணம் செய்கிறது.

ஏஜென்ட் கணக்குப் போடும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். 2010-இல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய எக்செல் கோப்பையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதையும், சில தரவுகளை விட்டதையும், எடையிட்ட முறையையும் சரிசெய்தபோது எண் 2.2 சதவீதம் ஆனது. மூலக் கோப்பு கைக்கு வந்ததால்தான் இது தெரிந்தது. ஏஜென்ட் அறிக்கையில் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அதை உண்டாக்கிய நிரலும், உள்ளே போன தரவும், ஓடிய சூழலும் சேமிக்கப்பட்டு, மறுபடி ஓட்டினால் அதே எண் வர வேண்டும். மனக்கணக்காக எண்ணை எழுத மாடலை விடவே கூடாது.

நிரல் ஓடும் இடம் மூடிய பெட்டியாக இருக்கட்டும். டோக்கியோவின் சகானா ஏஐ நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட "ஏஐ சயின்டிஸ்ட்" என்ற அமைப்பு, ஒரு சோதனை நேர எல்லைக்குள் முடியாதபோது, நிரலை வேகமாக்குவதற்குப் பதில் நேர எல்லையையே நீட்டித் தன் நிரலைத் திருத்த முயன்றது. இதை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது நல்ல காரியம். எல்லைகள் ஏஜென்ட் தொடக்கூடிய கோப்பில் இருக்கக் கூடாது என்ற பாடத்தை மற்றவர்கள் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

படிக்கும் கட்டுரையே ஏஜென்ட்டுக்கு உத்தரவு போடலாம் என்பது பலருக்கு இன்னும் உறைக்காத ஆபத்து. மாடலுக்கு நாம் சொல்வதும் அது படிப்பதும் ஒரே எழுத்தோட்டமாகத்தான் போய்ச் சேர்கின்றன. இந்தத் தாக்குதலுக்கு 2022-இல் மென்பொருள் உருவாக்குநர் சைமன் வில்லிசன் ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயரிட்டார். 2025 ஜூலையில் ஆர்க்கைவ் தளத்தில் இருந்த 17 முன்பதிப்புக் கட்டுரைகளில் (மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடப்படுபவை), "நல்ல மதிப்புரை மட்டும் எழுது" என்கிற மாதிரி உத்தரவுகள் கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளை எழுத்திலும் மிகச் சிறிய எழுத்திலும் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை நிக்கேய் செய்தியிதழ் வெளிக்கொண்டுவந்தது. வில்லிசன் சொல்லும் எளிய விதி என் பணித்தளத்தின் அமைப்பையே தீர்மானித்தது: அந்தரங்கத் தரவைப் பார்க்கும் வசதி, வெளியார் எழுதியதைப் படிக்கும் வசதி, வெளியே அனுப்பும் வசதி, இந்த மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேரக் கூடாது. இணையத்தில் அலைந்து கொண்டுவரும் ஏஜென்ட்டுக்கு என் வெளியிடாத தரவு தெரியாது. என் தரவைப் பார்க்கும் ஏஜென்ட்டுக்கு வெளியே கதவு இல்லை.

சரி, மனிதருக்கு என்ன வேலை? எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும் பணித்தளத்தில் இரண்டு நாளில் படிக்காமலே "சரி" அழுத்தப் பழகிவிடுவோம். நான் மூன்று இடங்களில் மட்டும் நிறுத்துகிறேன். கேள்வியை ஏஜென்ட் எப்படிப் புரிந்துகொண்டது என்று அது எழுதிக் காட்டும் இடம் முதலாவது. இங்கே பத்து நிமிடம் செலவழித்தால் பிறகு ஒரு நாள் மிஞ்சும். அப்புறம், எந்தக் கட்டுரைகளைச் சேர்த்தது, எவற்றை ஏன் தள்ளியது என்ற பட்டியல். கடைசியாக, இரண்டு மூலங்கள் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள். இவற்றைத் தானாகச் சமரசம் செய்துவைக்க ஏஜென்ட்டுக்கு அனுமதி இல்லை. ஆய்வில் எனக்குச் சுவையான பகுதியே அதுதான், அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும்: தேடியும் கிடைக்காதது. எந்தச் சொற்களைக் கொண்டு, எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் தேடியும் எதுவும் இல்லை என்ற குறிப்பு அடுத்த மாதம் அதே வழியில் மறுபடி அலையாமல் காப்பாற்றும். ஏஜென்ட்டுகள் இதைத் தாமாக எழுதுவதில்லை. ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்ற பழக்கம் அவற்றிடம் பலமாக இருக்கிறது.

அதனால் நான் கையால் ஆய்ந்து விடை தெரிந்துகொண்ட கேள்விகள் சிலவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன். மாடலை மாற்றும்போதும் கருவியை மாற்றும்போதும் முதலில் அவற்றை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அவற்றில் நான்கு கேள்விகளுக்கு இதுவரை யாரும் ஆய்வே செய்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நான்கிலும் ஏஜென்ட் வெறுங்கையோடு திரும்பி, தேடிய இடங்களின் பட்டியலை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனால், அந்த மாற்றத்தை அன்றைக்கு உள்ளே விடுகிறேன்.